துப்பட்டாவால் கட்டிய பிள்ளைகள்

திங்கட்கிழமை என் இடத்துக்கு நீங்கள் இருவரும் வந்து அமரப்போகும் மேசையில் மூன்று கோப்புகள் இருக்கும். கணினிக்குள் எப்படி நுழைவது, எந்தப் படிவத்தை எந்தத் தேதிக்குள் அனுப்புவது, யாரிடம் கையெழுத்து வாங்குவது எல்லாம் அவற்றில் இருக்கின்றன. மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். நான்காம் முறையும் பார்ப்பேன் என்று என் கணவர் சொல்கிறார். அவர் சொல்வது சரிதான். ஆனால் இந்தக் கடிதம் அந்தக் கோப்புகளில் இல்லாத ஒன்றைப் பற்றியது.

பணி அனுபவம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தலை நரைத்தவர்கள். எனக்கு முப்பத்து மூன்று வயது. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருக்கிறது. படுத்து ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார்கள். பிறகும் வேலைக்குத் திரும்பப் போவதில்லை என்று வீட்டில் பேசி முடிவு செய்தோம். அதனால் ஓய்வு பெறும் வயதுக்கு வெகு முன்பே ஓய்வு பெற்றவள் மாதிரிப் பேசுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் மருத்துவமனையின் விபத்துக் காய மையத்தில் மருத்துவர்கள் நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்பார்கள். எப்படி அடிபட்டது என்று கேட்பது நம் வேலை. அவர்கள் எலும்பைச் சேர்ப்பார்கள். அது ஏன் முறிந்தது என்று நாம் எழுதுவோம். வார்டில் நம்மை யாரும் பெரிதாக மதிக்க மாட்டார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாதியர்கள் நம்மை 'டிக் அடிக்கிற பொண்ணுங்க' என்பார்கள். நோயாளிகள் நம்மையும் தாதியென்று நினைத்து 'மிஸ்ஸி, தண்ணி குடுங்க' என்பார்கள். கொடுங்கள். தண்ணீர் குடித்துவிட்டு அவர்கள் சொல்லும் பதில்தான் பெரும்பாலும் உண்மையான பதில்.

எனக்கு இது புரிந்தது வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதத்தில். பாமாயில் தரும் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் ஒருவர் தோளில் ஆழமான வெட்டோடு வந்திருந்தார். 'கத்தி வெட்டு' என்று எழுதி அனுப்பினேன். எங்கள் மையத் தலைவர் அந்த இரண்டு சொற்களையும் சிவப்பு மையில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினார். அவரை இந்தக் கடிதம் முழுக்க டாக்டர் என்றே சொல்கிறேன். வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரே கேள்வி: மரத்தடியிலா, ரோட்டிலா?

திரும்பப் போய்க் கேட்டேன். வெட்டி முடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பும் வழியாம். நீளக் கோலில் மாட்டிய அரிவாளை மோட்டார் சைக்கிளில் நீட்டிக் கட்டியிருந்தார்கள். முன்னால் ஓட்டியவர் பிரேக் பிடித்தபோது பின்னால் இருந்த இவருடைய தோள் அதன்மேல் போய் விழுந்திருக்கிறது. பழைய படிவங்களைப் புரட்டியபோது வேறு சில 'கத்தி வெட்டு'களும் ரோட்டில்தான் நடந்திருந்தன. அந்தப் பட்டியலை டாக்டர் தோட்ட நிர்வாகத்துக்கு அனுப்பினார். சில வாரங்களில் அந்தத் தோட்டத்து அரிவாள்கள் எல்லாம் பழைய ரப்பர் குழாயைக் கீறிச் செய்த உறை மாட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்தன. அதைப் பார்த்த அன்று என் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவருக்கு நான் என்ன வேலை செய்கிறேன் என்று அன்றுதான் புரிந்தது. எனக்கும் அன்றுதான்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

இங்கே பாலர் பள்ளிகளை நண்பகலில் விடுவார்கள். வெயில் மண்டையைப் பிளக்கும். தோட்டத்துக்குள் பள்ளி வேன் வராத வீடுகளில் அம்மாதான் மோட்டாரில் போய்ப் பிள்ளையை அழைத்து வருவாள். நானும் அப்படித்தான். என் மகள் யாழினிக்கு அப்போது நாலரை வயது. பின்னால் உட்கார்ந்து என் முதுகில் கன்னத்தை வைத்தால், செம்பனை நிழல் வருவதற்குள் தூங்கிவிடுவாள். தூங்கும் பிள்ளையின் கை தளரும். கை தளர்ந்தால் பிள்ளை விழும். அப்படி விழுந்து தலையில் அடிபட்டு வந்த சின்னப் பிள்ளைகளை நான் எண்ணி ஒரு அட்டவணை போட்டேன். பார்த்தவர்கள் எல்லாரும் பதறினார்கள்.

மருத்துவமனை, பள்ளிகள், தோட்ட நிர்வாகங்கள் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். அம்மாக்களுக்கு என்ன சொல்வது என்று பேச்சு வந்தது. அப்போது நான்தான் சொன்னேன்: துப்பட்டாவால் கட்டச் சொல்லலாம்.

அதை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. நம் பெண்கள் வெகு காலமாகச் செய்வது. துப்பட்டாவைப் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் கொடுத்து, அக்குள் வழியாக முன்னால் இழுத்து, அம்மாவின் வயிற்றில் முடிச்சுப் போடுவது. நானும் யாழினியைத் தினமும் அப்படித்தான் கட்டி அழைத்து வந்தேன். குழுவுக்கு யோசனை பிடித்திருந்தது. சுவரொட்டிக்குப் படம் வேண்டும் என்றார்கள். என் கணவர் வீட்டு வாசலில் நின்று எங்கள் இருவரையும் பின்னாலிருந்து எடுத்த படத்தைக் கொடுத்தேன். நீலத் துப்பட்டா, இரண்டு பேர் தலையிலும் ஹெல்மெட். 'பிள்ளையைக் கட்டுங்கள், பத்திரமாக வீடு சேருங்கள்' என்று மேலே எழுதி அச்சடித்துவிட்டார்கள். கீழே சிறிய எழுத்தில் நம் மையத்தின் பெயர். நான் எத்தனை பெருமைப்பட்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு சுவரொட்டியைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியின் கதவில் ஒட்டினேன்.

அடுத்த புதன்கிழமை ஒரு தமிழ்ப்பள்ளியில் வெளியீடு. அதன் பிறகு செகிஞ்சானிலிருந்து புஞ்சாக் ஆலாம் வரை நம் வட்டாரத்து எல்லாப் பாலர் பள்ளிகளுக்கும் அனுப்புவதாக ஏற்பாடு.

அதற்கு முந்தைய வியாழக்கிழமை சாந்தி தன் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெயரை மாற்றியிருக்கிறேன். பிள்ளைக்கு ஐந்து வயது. வலது குதிகாலின் பின்பக்கத் தோலும் சதையும் கிழிந்து தொங்கின. பின் சக்கரத்தின் கம்பிகளுக்குள் கால் போயிருந்தது. பிள்ளையை உள்ளே எடுத்துப் போன பிறகு சாந்தி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு சிவப்புத் துப்பட்டா இருந்தது. அதை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். நான் தண்ணீர் கொடுத்துவிட்டு என் கேள்வியைத் தொடங்கினேன். மோட்டாரிலிருந்து விழுந்தாளா என்று கேட்டேன்.

"விழவே இல்ல மிஸ்ஸி. நான் கட்டித்தான் கொண்டாந்தேன்" என்றார். துப்பட்டாவை மறுபடி பிரித்தார். "விழுந்திருந்தாக்கூட பரவால்ல போல. கால் மாட்டினப்ப புள்ளைக்கு நகர முடியலயே. நான்தானே இறுக்கி முடிச்சுப் போட்டேன்."

நம் படிவத்தில் அப்போது மோதல், விழுதல், மற்றவை என்று மூன்று கட்டங்கள். நான் 'மற்றவை' கட்டத்தில் டிக் அடித்தேன்.

சாப்பிடப் போகாமல் பழைய படிவங்களை எடுத்தேன். என் அட்டவணை முழுக்க 'விழுதல்' கட்டத்திலிருந்து எடுத்தது. 'மற்றவை' கட்டத்தை நான் எண்ணவே இல்லை. அதில் என்னென்னவோ கலந்து கிடக்கும், பிறகு பார்க்கலாம் என்று விட்டிருந்தேன். அன்று பார்த்தேன். குதிகால், குதிகால், கணுக்கால், குதிகால். சில படிவங்களில் என் கையெழுத்தேதான் இருந்தது.

அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களிடம் தொலைபேசியில் பேசினேன். சிகிச்சைக்குப் பின் எப்படி இருக்கிறது என்று கேட்க நமக்கு அனுமதி உண்டு, அது கோப்பில் இருக்கிறது. பிள்ளையைக் கட்டியிருந்தீர்களா என்று கேட்டதும் ஒருவர் வைத்துவிட்டார். ஒருவர் என்னைத் திட்டினார். மற்றவர்கள் தயங்கித் தயங்கி ஆமாம் என்றார்கள். ஒருவர் மட்டும்தான் இல்லை என்றார். அலட்சியமான அம்மாக்களின் பிள்ளைகளுக்கு இந்தக் காயம் வரவில்லை. கவனமான அம்மாக்களின் பிள்ளைகளுக்கு வந்திருந்தது.

அன்று மாலை வீட்டு வாசலில் மோட்டாரை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு யாழினியை உட்கார வைத்தேன். கணவரைப் பக்கத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி, வழக்கம்போலத் துப்பட்டாவால் கட்டினேன். தூங்குவது மாதிரி நடி என்றேன். அவளுக்கு அது விளையாட்டு. உடம்பைத் தளர விட்டாள். கட்டு அவளை விழ விடவில்லை. ஆனால் இடுப்பு கொஞ்சம் கீழே இறங்கியது. முட்டி வெளியே சாய, பாதம் உள்ளே திரும்பியது. கணவர் குனிந்து பார்த்தார்.

"கம்பியில தொடுது" என்றார். "கழட்டு."

அலமாரிக் கதவிலிருந்த சுவரொட்டியை எடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை டாக்டரின் அறைக்கு வெளியே நின்றபோது, திரும்பிப் போய்விடலாமா என்று இரண்டு முறை நினைத்தேன். நான் ஒரு பதற்றக்காரி என்பது அந்தத் தளம் முழுக்கத் தெரியும். வெளியீட்டு அழைப்பிதழ்கள் போய்விட்டன. ஒரு நாள் தொலைபேசியில் பேசியதை வைத்து அதை நிறுத்தச் சொல்ல நான் யார்? இப்படியெல்லாம் ஓடியது. பிறகு, பயந்த சுபாவம் உள்ளவள் சொன்னால் அது தவறாகத்தான் இருக்க வேண்டுமா என்றும் ஓடியது. உள்ளே போனேன்.

டாக்டர் படிவங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நேரம் எடுத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"இவங்க எல்லாரும் கட்டினவங்க. சரி. கட்டி, ஒண்ணும் ஆகாம வீடு போய்ச் சேர்ந்தவங்க எத்தன பேர்?"

"தெரியாது டாக்டர்."

"அவங்க நம்மகிட்ட வரமாட்டாங்க. இங்க வர்றவங்கள மட்டும் கேட்டா இந்த ஊர்ல எல்லாருக்கும் கால் ஒடஞ்ச மாதிரிதான் தெரியும்."

அது என் படிப்பில் முதல் ஆண்டில் சொல்லிக் கொடுத்த பாடம். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் போகவில்லை. சாந்தி சொன்னதைச் சொன்னேன். வாசலில் யாழினியை வைத்துப் பார்த்ததைச் சொன்னேன். அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார்.

"நிறுத்தினா கட்டாம கூட்டிட்டுப் போவாங்க. ஒரு புள்ள விழுந்து தலையில அடிபட்டா அதுவும் நம்ம கணக்குதான். இது குதிகால். அது தலை. நீங்க உறுதியாச் சொல்றீங்களா?"

"இல்ல டாக்டர். கட்டுறது தப்புன்னு உறுதியாச் சொல்ல முடியல. கட்டுங்கன்னு சொல்றதும் சரின்னு இப்ப சொல்ல முடியல. ஒட்டிட்டா அது மையம் சொன்ன பேச்சு ஆயிடும். ரெண்டு வாரம் குடுங்க, பள்ளிக்கூட வாசல்ல போய்ப் பாக்குறேன்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். குழுவில் நீங்களே சொல்லுங்கள் என்றார். அப்போது அது எனக்குத் தண்டனையாகத் தெரிந்தது. வேறு யார் போய்ச் சொல்லியிருந்தாலும், பிறகு யாரும் என் அட்டவணையை நம்பியிருக்க மாட்டார்கள் என்பது பின்னால்தான் புரிந்தது.

திங்கட்கிழமை குழு கூடியது. பள்ளிகளின் சார்பில் வந்திருந்தவர் நல்ல மனிதர், ஆனால் நொந்துபோயிருந்தார். மண்டபம், நாற்காலி, பிள்ளைகளின் நடனம் எல்லாம் தயார். "இப்ப வந்து தெரியலன்னு சொன்னா எப்படிம்மா?" என்றார்.

"இப்ப சொன்னாத்தான் சார் நல்லது. ஒட்டினப்புறம் சொன்னா அடுத்த தடவ நம்ம பேச்ச யாரும் கேக்க மாட்டாங்க."

"போஸ்டர்ல இருக்கிற பொண்ணு யாரு? அந்தத் தாய்கிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"அது என் புள்ளதான் சார்."

வெளியீட்டைத் தள்ளி வைத்தார்கள். சுவரொட்டிக் கட்டுகள் நம் மருந்துக் கிடங்கின் மூலையில் போய் உட்கார்ந்தன. அதுவரை வார்டுக்கு வரும் அம்மாக்களிடம் சொல்ல டாக்டர் ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தார்: பிள்ளை தூங்கினால் வண்டியை நிறுத்துங்கள். அவ்வளவுதான். தெரிந்ததை மட்டும் சொன்னோம்.

இரண்டு வாரம் நானும் ஒரு தாதியும் பள்ளி வாசல்களில் நின்றோம். ஒருநாள் புஞ்சாக் ஆலாம், ஒருநாள் கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டப்பள்ளி, ஒருநாள் செகிஞ்சான் வயலோரம். யாழினியை அந்த நாட்களில் எதிர்வீட்டு ஆசிரியரின் காரில் அனுப்பினேன். வாசலில் நிற்பது எளிது என்று நினைக்காதீர்கள். சின்ன நோட்டுப் புத்தகத்தோடு யாராவது நின்றால் அம்மாக்கள் போக்குவரத்து அதிகாரிகள் என்று நினைத்து மறுபக்கம் வண்டியைத் திருப்புவார்கள். தாதியின் சீருடைதான் எங்களைக் காப்பாற்றியது. கட்டியிருக்கிறாரா இல்லையா, பிள்ளையின் காலில் செருப்பா, மூடிய சப்பாத்தா, கால் எங்கே இருக்கிறது என்று எழுதினோம்.

கட்டியவர்கள் ஏராளம். அதில் எந்தப் பிள்ளையின் காலிலும் தழும்பு இல்லை. நான்காம் நாள் என் மனம் தளர்ந்துவிட்டது. நான் ஊரைக் கூட்டி ஒரு நல்ல காரியத்தைக் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். அன்று நானும் தாதியும் தோட்டப்பள்ளி வாசலில், ஒரு அப்பா வந்து நிறுத்திய பழைய மோட்டாரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். உர மூட்டை ஏற்றப் பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் இரும்புச் சட்ட ரேக் மாட்டியிருந்தார். துரு ஏறிய ரேக். அவர் பெண் ஓடி வந்து ஏறி உட்கார்ந்து, இரண்டு கால்களையும் அந்த ரேக்கின்மேல் வைத்துக்கொண்டாள். சக்கரத்தை அவள் கால் தொட வழியே இல்லை.

அந்த வாசலில் நின்ற மற்ற வண்டிகளைப் பார்த்தேன். பாதிக்கு மேல் ரேக் வைத்தவை. ரேக் இல்லாதவை எல்லாம் துடைத்து வைத்த, அழகான, அம்மாக்களின் வண்டிகள். அப்படி ஒரு வண்டியில் வந்த பெண்ணிடம், உங்கள் மோட்டாரில் ரேக் இல்லையா என்று கேட்டேன்.

"இருந்துச்சு மிஸ்ஸி. புள்ள காலக் கீறுதுன்னு நாந்தான் கழட்டச் சொன்னேன்."

யாழினி பாலர் பள்ளியில் சேர்ந்த வாரம், என் கணவர் எங்கள் மோட்டாரின் ரேக்கைக் கழற்றியிருந்தார். நான் கேட்டுத்தான் கழற்றினார். காரணமும் அதேதான்.

திரும்ப அந்தக் குதிகால் பிள்ளைகளின் அம்மாக்களுக்குத் தொலைபேசி. இந்த முறை ரேக்கைப் பற்றிக் கேட்டேன். இருந்ததா, எப்போது கழற்றினீர்கள், ஏன்? கட்டவில்லை என்று சொன்னவர் உட்பட, பேசியவர்களில் ஒருவர் வண்டியிலும் சக்கரத்தை மறைக்க எதுவும் இல்லை. சாந்தியிடம் நேரில் கேட்டேன். மகளின் கட்டிலருகே இருந்தார். தோல் ஒட்டுச் சிகிச்சை முடிந்திருந்தது. மகள் பின்னால் உட்கார ஆரம்பித்ததும் ரேக்கை எடுத்துவிட்டதாகச் சொன்னார். பிறகு, "அப்ப நான் கட்டினது தப்பு இல்லயா மிஸ்ஸி?" என்று கேட்டார்.

இன்னும் முழுதாகத் தெரியாது என்று சொல்லத்தான் எனக்குப் பயிற்சி. ஆனால் என்னிடம் இருந்தது வரைக்கும் சொன்னேன். கட்டு மட்டும் காரணம் என்று தெரியவில்லை, சக்கரம் திறந்து கிடந்ததுதான் பெரிய காரணமாகத் தெரிகிறது என்றேன். அவர் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது வேறு துப்பட்டா.

எங்களிடம் இருந்தது கொஞ்சம் படிவங்கள், ஒரு நோட்டுப் புத்தகம். அதை நம்பி ஊருக்குச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். செய்து பார்த்துக் காட்டுங்கள் என்றார். இங்கேதான் நம் மையத்தைப் பற்றி எனக்கு உண்மையான பெருமை. மாவுக்கட்டு போடும் அறையில் ஒரு மலாய்க்காரர் இருக்கிறார், நீங்கள் பார்ப்பீர்கள், மீசையைத் தடவிக்கொண்டே இருப்பார். சின்னப் பிள்ளையின் கால் அளவில் மாவுக்கட்டால் பாதங்கள் செய்து தர முடியுமா என்று அவரிடம் கேட்டேன். யாருக்கு என்று கேட்டார். சக்கரத்துக்கு என்றேன். மறுநாள் ஆறு பாதங்கள் என் மேசையில் வரிசையாக நின்றன. விரல்கள்கூட வைத்திருந்தார்.

செகிஞ்சானில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் சீனர் ஒருவர் ஒரு பழைய வண்டியைக் கொண்டுவந்தார். மருத்துவமனையின் பின்புறம், ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தை மெதுவாக ஓட விட்டார். எலும்பு மருத்துவர் ஒருவர் நீளக் குச்சியில் கட்டிய பாதத்தைப் பிள்ளையின் கால் தொங்குவது மாதிரி உள்ளே சாய்த்தார். ஒரு நொடிகூட ஆகவில்லை. குதிகால் உடைந்து தரையில் விழுந்தது. உடைந்த இடம் சாந்தியின் மகளுக்குக் கிழிந்த அதே இடம். பாதத்தைச் செய்தவர் குனிந்து துண்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பட்டறைக்காரர் முதலில் கோழிக்கூட்டுக் கம்பி வலையை மாட்டிப் பார்த்தார். அது கிழிந்து சக்கரத்துக்குள்ளேயே போனது. இரண்டாவதாக, அவர் ஊர்ப் படகுத்துறையில் மீன் காய வைக்கும் கனமான கறுப்புப் பிளாஸ்டிக் வலையை வெட்டி, ரேக் கழற்றிய அதே திருகுத் துளைகளில் பிளாஸ்டிக் வார் கோத்து மாட்டினார். பாதத்தைச் சாய்த்தார்கள். வலை அதிர்ந்தது. பாதம் வெளியே தள்ளப்பட்டது. மாவில் ஒரு சின்ன உரசல் மட்டும். மீதி எல்லாப் பாதங்களையும் வைத்துப் பார்த்தோம். ஒன்றும் உடையவில்லை. கடைசிப் பாதத்தை எடுத்தவுடன் டாக்டர் என்னைப் பாராட்டுவார் என்று நினைத்தேன். அவர், ஈரமான வலையோடும் ஒரு தடவை பாருங்கள் என்றார். பார்த்தோம். அப்போதும் உடையவில்லை.

புதிய சுவரொட்டியிலும் யாழினிதான். அதே நீலத் துப்பட்டா, அதே கட்டு. சக்கரத்தின் இரு பக்கமும் கறுப்பு வலை. வெளியீட்டு நாளில் பள்ளித் திடலில் பட்டறைக்காரரும் அவர் ஆட்களும் வரிசையாக வந்த வண்டிகளுக்கு வலை மாட்டிக்கொண்டே இருந்தார்கள். முன்பு நொந்துபோன அந்தப் பள்ளிக்காரர் தன் மனைவியின் வண்டியைத்தான் முதலில் கொண்டுவந்து நிறுத்தினார். "உங்களாலதாம்மா நான் ரெண்டு தடவ மண்டபம் எடுத்தேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இப்போது நம் படிவத்தில் 'மற்றவை' கட்டத்துக்கு முன்னால் புதிதாக ஒரு கேள்வி இருப்பதைப் பார்ப்பீர்கள். பிள்ளை எப்படி உட்கார்ந்திருந்தது, எதைக் கொண்டு கட்டப்பட்டிருந்தது, சக்கரத்தின் பக்கத்தில் என்ன இருந்தது? அந்தக் கேள்வியை எழுதியது நான். வேறு மருத்துவமனைகளும் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்கள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

ஆனால் என்னை அதிகம் பெருமைப்பட வைத்தது வெளியீட்டு நாளும் இல்லை, அந்தக் கேள்வியும் இல்லை. அதன் பின் சில வாரங்கள் கழித்து ஒரு நண்பகலில் ஒரு பெண் கோபமாக உள்ளே வந்தார். கையில் நாலு வயதுப் பெண் பிள்ளை. பிள்ளை அழவில்லை. ஐஸ்கிரீம் குச்சியைச் சப்பிக்கொண்டிருந்தது. அம்மாவுக்குத்தான் அழுகை வரும் போலிருந்தது.

"வலை மாட்டுங்க மாட்டுங்கன்னு சொன்னது நீங்கதானே? இந்தா பாருங்க, என் புள்ள காலக் கீறிருச்சு."

கணுக்காலுக்கு மேல் ஒரு கீறல். என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. தாதி ஒருத்தி வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கீறியதால்தான் நாங்கள் எல்லாரும் ரேக்கைக் கழற்றினோம்.

"கழட்டிடவா மிஸ்ஸி?" என்று கேட்டார்.

"கழட்டாதீங்க அக்கா. வண்டி எங்க நிக்குது?"

அவரோடு வெளியே போனேன். வலையைக் கட்டியிருந்த பிளாஸ்டிக் வாரின் வெட்டிய நுனி முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. சிகிச்சை அறையிலிருந்து வெள்ளை ஒட்டுப்பட்டையை வாங்கி வந்து, வெயிலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு நுனியாகச் சுற்றினேன். வலைக்குள்ளே விரல் விட்டுப் பார்த்தேன். ஒரு கம்பியும் விரலில் படவில்லை. பிறகு அங்கேயே பட்டறைக்காரரிடம் தொலைபேசியில் பேசி, இனி நுனிகளைத் தீயில் காட்டி மழுக்கிவிடச் சொன்னேன். ஏற்கெனவே மாட்டிய வண்டிகளையும் திரும்ப வரவழைக்கச் சொன்னேன். அந்தப் பெண் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார்.

"இதுக்குப் போய் இவ்ளோ பாடுபடுறீங்க. கீறல்தானே லா" என்றார், வந்த கோபத்தையெல்லாம் மறந்துவிட்டு.

பிள்ளையைக் கட்டி, முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். திருப்பத்தில் பிள்ளையின் தலை அம்மாவின் முதுகில் சாய்ந்தது. சின்னக் கால் தளர்ந்து, உள்ளே திரும்பி, வலையில் பட்டுத் திரும்ப வெளியே வந்தது.

மேலே வந்து படிவத்தை நிரப்பினேன். காயம்: கீறல். கட்டியிருந்தது: துப்பட்டா. சக்கரத்தின் பக்கத்தில்: வலை. சிகிச்சை: பிளாஸ்டர் ஒன்று. பிள்ளை வீடு திரும்பியது. சிவப்பு மையில் வட்டமிட ஒன்றும் இல்லாமல் அது டாக்டரிடமிருந்து திரும்பி வந்தது. மூன்றாவது கோப்பில் அதன் நகலைப் பெயரை மறைத்து வைத்திருக்கிறேன்.